சுகர் கிளைடரையும் மரக்காளானையும் எப்படி ஒப்பிடுவது?

ஈசூன் அம்மா
வெள்ளி, இரவு 9.50

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் இருக்கிறோம். என் மகன் தொடக்கநிலை 3. இந்த ஆண்டுதான் அவனுக்கு அறிவியல் பாடம் தொடங்கியிருக்கிறது. வகுப்பில் உயிரினங்களின் படங்களை ஒரு பெட்டியில் போட்டு, ஆளுக்கு இரண்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எடுத்த இரண்டையும் ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதி வர வேண்டும். பக்கத்துப் பையனுக்குப் பூனையும் தவளையும் கிடைத்ததாம். இவன் கைக்கு வந்தது சுகர் கிளைடரும் மரக்காளானும்.

சுகர் கிளைடர் ஆஸ்திரேலியா, நியூ கினி பக்கம் வாழும் ஒரு சின்னப் பைப்பாலூட்டி. கங்காருவுக்குச் சொந்தம்தான், ஆனால் எடை நூறு, நூற்றிருபது கிராம். முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே உள்ள தோலை விரித்து மரத்துக்கு மரம் சறுக்கிப் போகும். காளான் என்றால் ஈரச்சந்தையில் வாங்கிச் சமைக்கிற காளான் இல்லை. மரத்தண்டில் அலமாரித் தட்டு மாதிரி நீட்டிக்கொண்டு, கட்டை போலக் கெட்டியாக இருக்குமே, அது. எங்கள் புளோக்கின் கார் நிறுத்துமிடத்தை ஒட்டி நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் அடியிலேயே ஒன்று இருக்கிறது. பள்ளிப் பேருந்துக்கு நிற்கும்போது தினமும் அதைத் தொட்டுப் பார்ப்பான்.

அவன் வேறுபாடுகள் பதினொன்று எழுதிவிட்டான். ஒற்றுமைப் பக்கத்தில் ஒரே வரி: "இரண்டும் உயிருள்ளவை." பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, இது ரெண்டையும் எதுக்கு ஒரே பெட்டியில போட்டாங்க?" என்று கேட்டான். நான் கணக்குத் துறையில் வேலை பார்ப்பவள். எனக்குப் பதில் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திங்கள் கொடுத்தால் போதும்.

நேர்க்கோடு
வெள்ளி, இரவு 10.15

வணக்கம். நான் துணைப்பாடம் சொல்லித் தருகிறவன். இந்த வயதுக்கு வேண்டியது இவ்வளவுதான்: இரண்டுக்கும் உணவு, நீர், காற்று வேண்டும். இரண்டும் வளரும், இனம் பெருக்கும், இறக்கும். செடி கொடி போலச் சூரிய ஒளியில் தானே உணவு செய்துகொள்ள இரண்டாலும் முடியாது. இந்தக் கடைசி வரியை அவசியம் எழுதச் சொல்லுங்கள். காளானைத் தாவரம் என்று எழுதித்தான் பெரும்பாலான பிள்ளைகள் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

இதற்கு மேல் திணிக்க வேண்டாம் என்பது என் கருத்து. அதிகம் சொன்னால் அடிப்படையும் சேர்ந்து குழம்பிவிடும்.

ஓய்வுபெற்ற வாத்தியார்
வெள்ளி, இரவு 11.20

நேர்க்கோடு சொன்ன கடைசி வரி தங்கமான வரி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் 1960களில் படித்தபோது காளானைத் தாவரவியல் பாடத்தில்தான் வைத்திருந்தார்கள். நகராது, மண்ணிலும் மரத்திலும் முளைக்கும், ஆகவே தாவரம் என்ற கணக்கு. 1969ல் ராபர்ட் விட்டேக்கர் என்ற அமெரிக்க அறிஞர் உயிர்களை ஐந்து பெரும் பிரிவாகப் பிரித்துப் பூஞ்சைகளுக்குத் தனி இடம் கொடுத்தார். பிறகு மரபணுக்களை ஒப்பிடும் காலம் வந்தது. அப்போது தெரிந்த செய்தி என்னை இன்றும் விடவில்லை. பூஞ்சைகள் தாவரங்களைவிட விலங்குகளுக்கு நெருங்கிய சொந்தம். ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தண்ணீரில் நீந்திய ஓர் உயிரணுவிலிருந்துதான் இரு கிளைகளும் பிரிந்தன. அந்த முன்னோருக்குப் பின்புறம் ஒரே ஒரு சவுக்கு. அதைச் சுழற்றித்தான் நீந்தும். அதே பின்சவுக்கு விலங்குகளின் விந்தணுவில் இன்னும் இருக்கிறது. தண்ணீரில் வாழும் சில பழைய பூஞ்சைகளின் வித்துகளிலும் இருக்கிறது. மரக்காளான் வழியில் அது மறைந்துபோய்விட்டது.

ஆக, உங்கள் மகனின் பெட்டியில் விழுந்தவை இரண்டும் தூரத்துப் பங்காளிகள். அந்தக் காளானுக்கு, அது ஒட்டிக்கொண்டிருக்கும் தூங்குமூஞ்சி மரத்தைவிட சுகர் கிளைடரே நெருங்கிய உறவு.

இன்னொன்று சாப்பாடு. இரண்டுமே மரத்தைத்தான் நம்பி வாழ்கின்றன. கிளைடர் வேல மரத்தின் பிசினையும் யூகலிப்டஸ் சாற்றையும் பட்டையைக் கடித்துக் கசியவைத்துக் குடிக்கும். பூச்சி, தேன், மகரந்தம் எல்லாம் உண்டு. பிசின் எளிதில் செரிக்காது. அதைப் புளிக்கவைத்துக் கொடுக்கும் பாக்டீரியாக்களுக்கென்றே அதன் குடலில் ஒரு பெரிய பை இருக்கிறது. காளானுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. மயிரைவிட மெல்லிய இழைகளாக மரத்துக்குள் புகுந்து, நொதிகளை வெளியே உமிழ்ந்து, மரத்தை அங்கேயே கரைத்து உறிஞ்சுகிறது. மரக்கட்டையின் செல்லுலோஸ் என்பது சர்க்கரை மணிகளைக் கோத்த மாலைதான். ஒன்று பிசினிலிருந்தும் மற்றது கட்டையிலிருந்தும், மரம் சேர்த்துவைத்த சர்க்கரையை எடுக்கின்றன. மிஞ்சியதை இரண்டும் கிளைகோஜன் என்ற ஒரே வடிவத்தில் உடலில் சேமிக்கின்றன. தாவரம் மாவாகச் சேமிக்கும். நம் ஈரலில் இருப்பதும் கிளைகோஜன்தான்.

கிளைகோஜன் எல்லாம் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வேண்டாம். "இரண்டும் மரத்தின் சர்க்கரையைச் சாப்பிடுகின்றன" என்று எழுதலாமே.

தூங்குமூஞ்சி
சனி, காலை 6.40

அக்கா, நான் இங்கே ஒன்பது வருடமாக மரம் வெட்டும், கிளை கழிக்கும் வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். நீங்கள் எழுதியதில் ஒரு வார்த்தை என்னை நிறுத்திவிட்டது. மரத்தின் அடியில் காளான் என்றீர்கள்.

அது மேலே பழுப்பாக, கோக்கோ தூள் தூவியது போலவும், அடியில் வெள்ளையாகவும் இருக்கிறதா? அடிப்பக்கத்தை நகத்தால் கீறினால் கோடு பழுப்பாக நிற்கிறதா? அப்படியென்றால் அது கனோடெர்மா வகையாக இருக்கலாம். சீன மருந்துக் கடைகளில் லிங்ஷி என்று விற்கிறார்களே, அந்தக் குடும்பம். நாம் வெளியே பார்க்கிற தட்டு வெறும் வித்து உதிர்க்கும் பாகம். அது வெளியே வருவதற்குப் பல வருடம் முன்பே உள்ளே வேலை நடந்திருக்கும். தண்டின் அடியிலும் வேரிலும் வந்தால் எங்களுக்கு அது எச்சரிக்கை.

2017 பிப்ரவரியில் தாவரவியல் பூங்காவில் 270 வயதுக்கு மேற்பட்ட தெம்புசு மரம் விழுந்து ஒருவர் இறந்துபோனார். எங்கள் வேலையில் இருக்கிற யாரும் அதை மறக்கவில்லை. மேலே பச்சைப் பசேலென்று இருக்கிறது என்று மரத்தை நம்பக் கூடாது.

தயவுசெய்து இன்றைக்கே நகர மன்றத்துக்குச் சொல்லிவிடுங்கள். வந்து கட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். உள்ளே சத்து இருந்தால் ஒரு சத்தம், பொந்தாக இருந்தால் ஒரு சத்தம். சந்தேகம் என்றால் ஊசி மாதிரி மெல்லிய துளைப்பானை இறக்கி, எவ்வளவு ஆழத்தில் எதிர்ப்பு குறைகிறது என்று கருவியில் பார்ப்பார்கள். பயப்பட வேண்டாம், நிறைய மரங்கள் உள்ளே பொந்தாகவே நூறு வருடம் நிற்கும். பார்த்துவிட்டால் நிம்மதி.

ஈசூன் அம்மா
சனி, காலை 9.05

தம்பி, கீறிப் பார்த்தோம். பழுப்புக் கோடு விழுந்தது. மகன் அதிலேயே தன் பெயரை எழுதிவிட்டான். நகர மன்றத்தின் எண்ணுக்கு அழைத்துச் சொல்லிவிட்டேன். உங்களுக்கு மிகவும் நன்றி.

ஐயா, பங்காளி என்று நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். "அப்ப மரம்தான் ரெண்டுக்கும் சோறு போடுதா?" என்றான். அதை எழுதிக்கொண்டிருக்கிறான்.

பழைய மெல்பர்ன்காரி
சனி, பிற்பகல் 1.30

சோறு மட்டும் இல்லை, வீடும் உண்டு. இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இங்கே வருவதற்கு முன் மெல்பர்னில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். வார இறுதிகளில் மேரிஸ்வில் பக்கத்துக் காடுகளுக்கு ஒரு தன்னார்வக் குழுவோடு போவேன்.

சுகர் கிளைடர் பகலெல்லாம் மரப்பொந்தில் தூங்கும் பிராணி. ஒரே பொந்தில் ஏழெட்டு ஒன்றோடு ஒன்று சுருண்டு கிடக்கும். சரி, அந்தப் பொந்தை யார் குடைந்தது? கிளைடரால் முடியாது. மற்ற பல நாடுகளில் மரங்கொத்தி குடையும். ஆஸ்திரேலியாவில் மரங்கொத்தியே கிடையாது. கிளை முறிந்த இடத்திலோ தீப்பட்ட காயத்திலோ பூஞ்சை உள்ளே போகிறது. மரத்தின் நடுப்பகுதி, வைரம் என்போமே, அது உயிரில்லாத கட்டை. உயிர் ஓடுவது பட்டையை ஒட்டிய வெளிவளையத்தில் மட்டும்தான். பூஞ்சை நடுவைத் தின்று இளக்குகிறது, கறையான் வந்து அள்ளிக்கொண்டு போகிறது. வெளிவளையம் நலமாக இருப்பதால் மரம் பாட்டுக்குப் பூக்கிறது, காய்க்கிறது. இப்படி ஒரு சின்ன விலங்கு நுழையும் அளவுக்குப் பொந்து உருவாக யூகலிப்டஸ் மரங்களில் நூறு ஆண்டுக்கு மேல் ஆகும்.

சுகர் கிளைடருக்குச் சொந்தக்காரப் பிராணி ஒன்று இருக்கிறது, லெட்பீட்டர்ஸ் போசம். அதே அளவு, சறுக்கும் தோல் மட்டும் இல்லை. பெரும்பாலும் விக்டோரியா மாநிலத்தின் மலைக்காடுகளில் வாழ்கிறது. அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தார்கள். 1961ல் மேரிஸ்வில் அருகே மறுபடி கண்ணில் பட்டது. 1971ல் அதையே மாநில விலங்காக அறிவித்தார்கள். அது வாழும் மவுண்டன் ஆஷ் மரம் பூக்கும் மரங்களிலேயே உலகில் மிக உயரமானது. டாஸ்மேனியாவில் ஒன்று 100 மீட்டர். ஆனால் இந்தப் போசத்துக்கு உயரம் முக்கியம் இல்லை. முதிர்ந்து, உள்ளே உளுத்துப்போன மரம்தான் முக்கியம். ஏறக்குறைய 150 ஆண்டு வயதாகாத மரத்தில் அதற்கு ஏற்ற பொந்து இருக்காது.

மரம் அறுப்பவர்கள் 80 ஆண்டில் வெட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். காடு பச்சையாகத்தான் இருக்கும், வரைபடத்தில் காடு என்றே போட்டிருக்கும், தூங்க ஓர் ஓட்டைகூட இருக்காது. 2009 பிப்ரவரியில் வந்த காட்டுத்தீயில் அதன் வாழிடத்தில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் எரிந்தது. நான் போன காலத்தில் எரிந்த மரங்கள் வெள்ளை எலும்பாக நின்றன. எங்கள் குழு மரப்பெட்டிகளைச் சுமந்து போய் இளமரங்களில் கட்டியது. ஒரு பெட்டியைத் திறந்தபோது உள்ளே மரப்பட்டை நாரைக் கிழித்து உருட்டிய பந்து ஒன்று இருந்தது. நடுவில் சூடாக ஏதோ அசைந்தது. சத்தம் போடாமல் மூடிவிட்டோம். 2024 ஜனவரி 1 முதல் விக்டோரியா அரசு இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை நிறுத்திவிட்டது. அந்தச் செய்தியை இங்கே எம்ஆர்டி ரயிலில் படித்தபோது கண் கலங்கிவிட்டது.

ஈசூன் அம்மா, ஒன்று மற்றதன் வேலைக்குள் குடியிருக்கிறது. ஒற்றுமை, வேறுபாடு என்ற இரண்டு கட்டத்திலும் அதற்கு இடமில்லை. மகனிடம் மூன்றாவதாக ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள்.

சாங்கி இருவாச்சி
சனி, மாலை 5.10

மூன்றாவது கட்டத்துக்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. இருவாச்சி இந்தத் தீவில் நூறு ஆண்டுக்கு மேல் காணாமல் போயிருந்தது. 1994ல் புலாவ் உபின் தீவில் ஒரு ஜோடி தென்பட்டது. பழம் இருந்தது, காடு ஓரளவு வளர்ந்திருந்தது. போதுமான அளவு பெரிய மரப்பொந்துதான் இல்லை. அவ்வளவு பெரிய அலகு இருந்தும் இருவாச்சியால் மரத்தைக் குடைய முடியாது. ஏற்கெனவே உளுத்துப்போன பொந்தைத் தேடிப் பிடித்து, பெண் பறவை உள்ளே போய், சின்னப் பிளவை மட்டும் விட்டு வாசலை அடைத்துக்கொள்ளும். ஆண் அந்தப் பிளவு வழியே ஊட்டும். ஆகவே ஆய்வாளர்கள் செயற்கைக் கூண்டுகளை மரத்தில் ஏற்றினார்கள். இன்று சாங்கியில் தேநீர்க் கடைக்கு மேலேயே பறக்கிறது.

இங்கே மரங்கொத்திகள் உண்டு. ஆனாலும் அவற்றைக் கவனித்துப் பாருங்கள், பூஞ்சை இளக்கிய காய்ந்த கிளையைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும். சாங்கியில் பழைய அங்சானா மரப்பொந்துகளுக்குச் செம்மார்புக் கிளிகளும் காக்கட்டூக்களும் போடும் சண்டை பெரிய சண்டை. வீடு குறைவு, ஆள் அதிகம்.

பொந்துச் சண்டையில் சுகர் கிளைடரும் சாது இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அதை டாஸ்மேனியாவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே பொந்தில் அடைகாக்கும் ஸ்விஃப்ட் கிளியைப் பொந்துக்குள்ளேயே தின்கிறது. அந்தக் கிளி இப்போது அழிவின் விளிம்பில்.

தெக்கா ராத்திரி
சனி, இரவு 8.00

காளானை நேரடியாகவே தின்னும் பைப்பாலூட்டி உண்டே, பொடரூ. கில்பர்ட்ஸ் பொடரூ என்ற வகையை 1994ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் மறுபடி கண்டுபிடித்தார்கள். சாப்பாட்டில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் காளான். அதையும் சேர்க்கலாமா?

ஓய்வுபெற்ற வாத்தியார்
சனி, இரவு 8.35

தகவல் சரி. ஆனால் பொடரூ தோண்டித் தின்பது மண்ணுக்கடியில் விளையும் கிழங்கு போன்ற காளான். அந்தப் பூஞ்சைகள் உயிருள்ள வேரோடு கூட்டு வைத்து, வேருக்கு நீரும் உப்புகளும் கொடுத்துச் சர்க்கரை வாங்கிக்கொள்கின்றன. மரத்தை அழுகவைக்கும் பூஞ்சை வேறு வகை. பூஞ்சை என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறோம், அதனால் வரும் குழப்பம் இது.

மரத்தை அழிக்கும் பூஞ்சையிலும் இரண்டு போக்கு. ஒன்று செல்லுலோஸை மட்டும் தின்று, லிக்னினைப் பழுப்புக் கட்டிகளாக விட்டுவிடும். தொட்டால் கட்டம் கட்டமாக உடையும். மற்றது லிக்னினையும் சிதைத்து, மரத்தை வெளுத்த நாராக்கிவிடும். லிக்னின்தான் மரத்துக்குக் கெட்டித் தன்மை தரும் பசை. அதை முழுமையாகச் சிதைக்கத் தெரிந்த உயிர் இந்த வெள்ளழுகல் பூஞ்சைகளை விட்டால் அநேகமாக இல்லை. ஈசூன் மரத்தில் இருப்பது கனோடெர்மா என்றால் அது இந்த வகை.

நேர்க்கோடு
சனி, இரவு 10.40

எல்லாவற்றையும் படித்தேன். நிறையக் கற்றுக்கொண்டேன். ஆனாலும் ஒரு கவலையைச் சொல்ல வேண்டும். "காளான் வீடு கட்டித் தருகிறது" என்று ஒரு பிள்ளை எழுதினால் அது தவறு. காளான் யாருக்கும் வீடு கட்டவில்லை. அது பசிக்குத் தின்கிறது. பொந்து மிச்சம் விழுகிறது. இயற்கை ஒருவருக்காக ஒருவர் திட்டம் போட்டு வேலை செய்வதாகப் பிள்ளைகள் மனத்தில் பதிந்துவிட்டால், பின்னால் உயர்நிலையில் பரிணாமம் படிக்கும்போது அதைக் களைவது மிகவும் கடினம். நான் அதைப் பல மாணவர்களிடம் பார்த்திருக்கிறேன்.

பழைய மெல்பர்ன்காரி
ஞாயிறு, காலை 8.15

நீங்கள் சொல்வதை முழுதாக ஏற்கிறேன். நான் "வேலை" என்று எழுதியபோதும் அந்த ஆபத்து இருந்தது. காளானுக்குப் போசத்தைத் தெரியாது. இப்படி எழுதலாமா: "காளான் தன் உணவுக்காக மரத்தைத் தின்றது. அதனால் ஓட்டை விழுந்தது. கிளைடர் அந்த ஓட்டையில் தூங்குகிறது." மூன்று வாக்கியம், யாருக்கும் நல்ல எண்ணம் கற்பிக்கவில்லை.

சொல்லப்போனால் இப்படிப் பார்க்கும்போதுதான் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. யாரும் நினைக்காமலே 150 ஆண்டு நடந்த ஒன்றின் மேல் ஒரு குடும்பமே தூங்குகிறது.

நேர்க்கோடு
ஞாயிறு, காலை 8.40

அந்த மூன்று வாக்கியத்துக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். வரும் வாரம் என் மாணவர்களுக்கும் சொல்லப் போகிறேன்.

புக்கிட் பாத்தோக் நடை
ஞாயிறு, காலை 9.30

குறுக்கே ஒரு கேள்வி. மெக்ரிட்சி காட்டில் இரவில் சறுக்கிப் பறக்கிற கொலுகோவும் பைப்பாலூட்டியா? தாய் வயிற்றில் குட்டியைப் பை மாதிரி மூடி வைத்திருப்பதைப் பார்த்தேன். அப்புறம், இங்கே சுகர் கிளைடர் வாங்கி வளர்க்கலாமா? என் மகள் கேட்கிறாள்.

சாங்கி இருவாச்சி
ஞாயிறு, காலை 9.50

கொலுகோ பைப்பாலூட்டி இல்லை. அது குரங்கினத்துக்கு நெருக்கமான பாலூட்டி. குட்டி வளர்ச்சி குறைந்த நிலையில் பிறப்பதால், வாலை மடக்கித் தோலால் தொட்டில் போலாக்கி வைத்துக்கொள்ளும். சுகர் கிளைடரில் கதையே வேறு. பதினாறு நாள் கர்ப்பம், பிறக்கும்போது 0.2 கிராம், ஏறக்குறைய ஏழெட்டு அரிசி மணிகளின் கனம்தான். அது தானே ஊர்ந்து பைக்குள் போய் முலைக்காம்பைக் கவ்விக்கொண்டு வளரும்.

வளர்க்க இங்கே அனுமதி இல்லை. மகளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். கூட்டமாக வாழ்ந்து இரவெல்லாம் மரம் தாவும் பிராணி அது. அடுக்குமாடி வீட்டுக் கூண்டில் தனியாக வைத்தால் தன் உடம்பையே கடித்துக்கொள்ளும்.

ஓய்வுபெற்ற வாத்தியார்
ஞாயிறு, பிற்பகல் 3.00

அந்த 0.2 கிராம் குட்டியை ஒட்டி ஒரு செய்தி. கிளைடர் ஒரு ஈற்றுக்கு ஒன்றோ இரண்டோ குட்டி போட்டு, அவற்றின் மேல் மாதக்கணக்கில் பாலைக் கொட்டுகிறது. கனோடெர்மாவின் ஒரு பெரிய தட்டு, பருவத்தில் ஒரு நாளைக்கு 3000 கோடி வித்துகள் வரை உதிர்க்கும். தம்பி சொன்ன கோக்கோ தூள் அந்த வித்துகள்தான். ஒன்றையும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவற்றில் புதிய காயம்பட்ட மரத்தில் போய் விழுவது எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், அந்தத் தூளைக் கையில் தொடவே மனம் கனக்கிறது.

காத்திருப்பதில் இரண்டும் ஒன்று. குளிரும் பட்டினியும் வந்தால் கிளைடர் உடல் சூட்டைத் தாழ்த்தி, மூச்சைக் குறைத்து, பல மணி நேரம் கட்டையாகக் கிடக்கும். நம் ஊர்க் காய்ந்த கிளைகளில் சாம்பல் நிற விசிறி போல ஒட்டியிருக்கும் சின்னக் காளானைப் பார்த்திருப்பீர்கள், அடியில் பிளந்த மடிப்புகளோடு. வெயிலில் மடிப்புகளைச் சுருட்டி மூடிக்கொள்ளும். பல ஆண்டு காய்ந்து கிடந்தாலும் நனைத்தால் விரிந்து மறுபடி வித்து உதிர்க்கும். மழை நின்றதும் ஒரு குச்சியை எடுத்துக் காட்டுங்கள் அம்மா, பையன் அசந்துபோவான்.

வயது என்று வந்தால்தான் ஒப்பிடவே முடியாமல் போகிறது. கிளைடர் காட்டில் சில ஆண்டுகள் வாழும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், மரவேர்களைத் தின்று பரவும் ஆர்மில்லேரியா பூஞ்சை ஒன்று மண்ணுக்கடியில் ஏறக்குறைய 9 சதுரக் கிலோமீட்டருக்கு விரிந்திருக்கிறது. முழுவதும் ஒரே உயிர், வயது 2000 ஆண்டுகளுக்கு மேல். அதில் ஒரு துண்டை வெட்டி எடுத்தால் துண்டும் வாழும், மிச்சமும் வாழும். "ஒரு காளான்" என்று எண்ணிச் சொல்ல நமக்கு என்ன தகுதி என்று தோன்றிவிடும். நாற்பது ஆண்டு இந்தப் பாடத்தை நடத்தினேன், இந்த இடத்தில் எப்போதும் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்திவிடுவேன்.

தூங்குமூஞ்சி
ஞாயிறு, இரவு 9.15

ஐயா, படித்துவிட்டு அறையில் இருக்கும் மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டினேன்.

ஊரில் மழைக்குப் பிறகு புற்றுக்காளான் பறிக்கப் போவோம். கறையான் மரத்தூளைப் புற்றுக்குள் கொண்டுபோய், பூஞ்சையை விவசாயம் மாதிரி வளர்த்து, அது இளக்கித் தந்ததைத் தின்னும். அந்தப் பூஞ்சை வெளியே பூத்ததைத்தான் நாங்கள் குழம்பு வைத்தோம். அங்கே காளான் என்றால் எங்களுக்கு விருந்து. இங்கே வந்த பிறகு காளானைப் பார்த்தாலே பயம் என்று ஆகிவிட்டது. மெல்பர்ன் அக்கா எழுதியதைப் படித்த பிறகு, நான் வெட்டிய பொந்து மரங்கள் எல்லாம் ஞாபகம் வருகின்றன.

ஆனால் பேருந்து நிறுத்தத்துக்கு மேலே உளுத்த மரத்தை விட்டுவைக்க முடியாது அக்கா. கீழே பிள்ளைகள் நிற்கிறார்கள். மெக்ரிட்சி மாதிரி காட்டுக்குள் விழுந்த மரத்தைப் பாதை மறித்தால் மட்டும் அறுத்து ஒதுக்குகிறோம், மிச்சம் அங்கேயே கிடக்கிறது. அங்கே கிடக்கட்டும், அங்கே அது வேண்டும். தெருவில் வேறு கணக்கு. எங்களால் முடிந்தது, அறுப்பதற்கு முன்னால் மேலே ஏறுகிறவர் ஒவ்வொரு பொந்திலும் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார். முட்டையோ குஞ்சோ இருந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்லுவோம். வேலை நின்றுவிடும்.

பழைய மெல்பர்ன்காரி
ஞாயிறு, இரவு 9.40

தம்பி, நீங்கள் செய்வதில் எந்தக் குறையும் இல்லை. அந்த வெளிச்சம் அடித்துப் பார்க்கிற ஒரு நிமிடத்துக்கு என் வணக்கம். காட்டில் விட வேண்டியதைக் காட்டில் விட்டால் போதும், தெருவில் யாரும் உயிரைப் பணயம் வைக்கச் சொல்லவில்லை.

ஈசூன் அம்மா
வியாழன், இரவு 10.05

தாமதத்துக்கு மன்னியுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

திங்கள் காலை மகன் தாளைக் கொடுத்தான். நடுவில் ஒரு மரம் வரைந்து, அதைக் குறுக்காக வெட்டிக் காட்டியிருந்தான். இடப்பக்கம் தட்டுக் காளான், வலப்பக்கம் பொந்துக்குள் நான்கு கிளைடர். கீழே மூன்று வாக்கியம், நீங்கள் சொன்னபடியே. ஓரத்தில் "இருவரும் மரத்தின் சர்க்கரை சாப்பிடுபவர்கள், தூரத்துப் பங்காளிகள்" என்று தானாகச் சேர்த்துக்கொண்டான். ஆசிரியர் அதை வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறாராம்.

அன்றைக்கே மரத்தைப் பார்க்க ஆள் வந்தார்கள். தட்டினார்கள், ஊசித் துளைப்பானை நான்கு இடத்தில் இறக்கினார்கள். அடிப்பக்கம் பாதிக்கு மேல் சத்தில்லை, வேரும் போய்விட்டது என்றார்கள். நேற்று வெட்டினார்கள். இவன் பள்ளி விட்டு வந்து, வேலிக்கு வெளியே நின்று கடைசிவரை பார்த்தான். அழுதான். நானும் தேற்ற முயலவில்லை, பக்கத்தில் நின்றேன்.

மேல்கிளையில் ஒரு பொந்து இருந்தது. தம்பி, நீங்கள் எழுதியது போலவே ஏறியவர் விளக்கடித்துப் பார்த்தார். "யாரும் இல்லை, காய்ந்த இலையும் ரெண்டு இறகும்தான்" என்று இவனைப் பார்த்துத் தமிழிலேயே கத்திச் சொன்னார். அதன் பிறகுதான் ரம்பத்தை எடுத்தார். அடித்துண்டைப் புரட்டியபோது நடுவில் வெள்ளை நாராக, பஞ்சு போல இருந்தது. இவன் கை நிறைய எடுத்துப் பிழிந்து பார்த்தான். தண்ணீர் சொட்டியது.

அடிக்கட்டையை அடுத்த வாரம்தான் எடுப்பார்களாம். காளான் இன்னும் அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று மாலை மழைக்குப் பிறகு இறங்கிப் போய்ப் பார்த்தோம். இவன் கீறிய பெயர் அப்படியே இருக்கிறது. ஓரத்தில் ஒரு விரல்கனத்துக்குப் புதிதாக, வெள்ளையாக வளர்ந்திருந்தது.

தூங்குமூஞ்சி
வியாழன், இரவு 10.30

அந்த வெள்ளை ஓரத்தை இரண்டு நாள் தொடாமல் விடச் சொல்லுங்கள் அக்கா. அது வளரும் விளிம்பு, அழுத்தினால் நசுங்கிவிடும். ஞாயிறு எனக்கு விடுமுறை. தம்பிக்கு விருப்பம் இருந்தால் மெக்ரிட்சிக்குக் கூட்டி வாருங்கள். விழுந்து கிடக்கிற மரங்களில் ஐந்தாறு வகைக் காளான் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். செந்நிறத்தில் ஒன்று இருக்கிறது, முதலில் அதைக் காட்டுகிறேன்.